பொக்லைனுக்குப் பின்னால் ஓடும் திட்டம்

"முதலில் இடத்தைக் காலி செய்து கொடுங்கள், மற்றதெல்லாம் தானாக நடக்கும்." கொச்சி பிராட்வேயின் துணிக்கடை மேசையில் தொடங்கி திருவனந்தபுரம் தலைமைச் செயலகம் வரைக்கும் இந்தப் பேச்சை மறுக்க ஆள் கிடைப்பது அரிது. ஒப்பந்தக்காரர் சொல்கிறார், பொறியாளர் சொல்கிறார், தொலைக்காட்சி விவாதத்தில் வளர்ச்சி பேசுகிறவர் சொல்கிறார். ஐந்து சென்ட் மனையில் வீடு கட்டப்போகிறவரும் அதையேதான் சொல்கிறார்: "பொக்லைனை விட்டு ஒரே நாளில் தட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது." இந்த நம்பிக்கை தவறானது. கொச்சியும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் கடந்த இருபதாண்டுகளில் இதற்குக் கொடுத்த விலையைக் கணக்குப் பார்த்தால், ஆபத்தானது என்றும் சொல்ல வேண்டும்.

எதிர்த்தரப்பின் வாதத்தை முதலில் முழுதாக வைத்துவிடுகிறேன். அதில் சாரம் இல்லாமல் இல்லை. பிராட்வேயில் பண்டிகைக் காலத்தில் நடந்து பார்த்தவர்களுக்கு நெரிசல் என்றால் என்னவென்று தெரியும். 2019-இல் அங்கே துணிக்கடைகள் தீப்பற்றி எரிந்தபோது, இத்தனை நெருக்கமான தெருவில் எதையும் கட்டிக் காப்பாற்ற முடியாது, இடித்துவிட்டு அகலமாகக் கட்டுவதே வழி என்று பலரும் பேசினார்கள். அந்தப் பேச்சில் நியாயம் உண்டு. கொச்சி, ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் முதல் பட்டியலில் 2016 ஜனவரியில் இடம்பிடித்தது. பிராட்வேயை ஒட்டிய எர்ணாகுளம் சந்தையின் புதிய வளாகம் திறக்கப்பட்டது 2024 டிசம்பரில். சுமார் 72 கோடி ரூபாய் வேலைக்கு ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள். வியாபாரிகளிடம் பேசிப் பேசியே காலம் போய்விட்டது என்கிறார்கள். ஒரு நாள் தாமதித்தால் ஒரு நாள் வட்டி ஏறுகிறது, சிமென்ட், கம்பி விலை ஏறுகிறது. காலி செய்த இடத்தை விட்டுவைத்தால் மறுபடி ஆக்கிரமிப்பு முளைக்கிறது. இந்தியாவில் பெரிய திட்டங்கள் இழுபடுவதற்கு நிலம் கைக்கு வராதது ஒரு முக்கியக் காரணம் என்பதும் உண்மை. ஆகவே காலி செய்யும் வேலையைத் தனியே பிரித்து, சீக்கிரமே முடித்துவிட்டு, யோசனையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். வாதம் இவ்வளவுதான்.

இனி என் ஆட்சேபங்கள்.

1. காலி செய்வது திட்டத்துக்கு முந்தைய வேலை என்று யார் சொன்னது?

கட்டட வரைபடத்தைப் பத்து முறை மாற்றலாம். தூணை நகர்த்தலாம், மாடியைக் குறைக்கலாம், ஒப்பந்தக்காரரையே மாற்றலாம். மூடிய ஓடையை, வெட்டிய மரத்தை, கலைத்த குடியிருப்பை அப்படித் திரும்ப எடுக்க முடியாது. ஒரு திட்டத்தில் திருத்தவே முடியாத பகுதி எதுவோ, அதைத்தான் நாம் யோசிக்காமல் செய்யும் பகுதியாக ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

மனையைத் தட்டும் அந்த ஒரு நாளில் என்னென்ன முடிவாகிறது என்று பாருங்கள். நிலமட்டம் எவ்வளவு உயரப்போகிறது, பக்கத்து மனையின் மழைநீர் எங்கே போகப்போகிறது, மேல்மண் எங்கே கொட்டப்படுகிறது, எந்த வழி அடைபடுகிறது, யார் போகிறார்கள், யார் இருக்கிறார்கள். இத்தனையையும் முடிவு செய்கிறவர் பொக்லைன் ஓட்டுநர். அவருக்குக் கூலி மணிக்கணக்கில். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பொறுப்பை அவர் தலையில் கட்டிவிட்டு நிழலில் நிற்பவர்களைத்தான் கேட்க வேண்டும்.

2. 'காலி நிலம்' எங்கே இருக்கிறது? காட்டுங்கள்.

பிராட்வேயிலிருந்து மேற்கே காயலைத் தாண்டினால் வல்லார்பாடம். அங்கே கன்டெய்னர் முனையம் அமைக்கவும் அதற்குச் சாலையும் ரயில் தடமும் போடவும் நிலம் எடுத்தார்கள். மூலம்பிள்ளி உட்படப் பல ஊர்களில் 316 குடும்பங்கள் வீடிழந்தன. 2008 பிப்ரவரி 6 அன்று மூலம்பிள்ளியில் போலீஸ் துணையோடு வீடுகள் இடிக்கப்பட்டன. மறுவாழ்வுக்கான அரசாணை வந்தது மார்ச் 19-இல். இந்த வரிசையைக் கவனியுங்கள்: முதலில் இடிப்பு, பிறகு போராட்டம், அதன் பிறகு மறுவாழ்வுத் திட்டம். மாற்று நிலம், அது கிடைக்கும்வரை வாடகை, குடும்பத்துக்கு ஒரு வேலை என்று ஆணையில் எழுதப்பட்டவை இடிப்பதற்கு முந்தைய நாள் எழுதப்பட்டிருந்தால் அரசுக்கு ஒரு ரூபாய்கூட அதிகம் செலவாகியிருக்காது.

மூலம்பிள்ளி இருக்கும் கடமக்குடிப் பகுதி பொக்காளி விளையும் நிலம். இதை நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் 'விவசாயத்துக்கும் நிலத்தைச் சுத்தம் செய்துதானே ஆக வேண்டும்' என்று கேட்பவர்களுக்கு இங்கேயே பதில் இருக்கிறது. பொக்காளி, உப்புநீர் ஏறி இறங்கும் தாழ்நிலத்து நெல். கோடையில் வயலில் நீரை வடித்துவிட்டு, மண்ணைச் சிறு மேடுகளாகக் குவிக்கிறார்கள். ஜூன் மழை அந்த மேடுகளில் படிந்த உப்பைக் கழுவி இறக்குகிறது. மேட்டின் மேலேயே விதைத்து, நாற்று வளர்ந்ததும் மேட்டைக் கலைத்துப் பரப்புகிறார்கள். அக்டோபர் வாக்கில் அறுவடை. அறுப்பது கதிரை மட்டும். தாள் அப்படியே நீரில் நிற்கிறது, அழுகுகிறது. மதகைத் திறந்தால் காயல் நீரோடு இறால் குஞ்சுகள் உள்ளே வருகின்றன. அழுகிய தாள்தான் அவற்றின் தீவனத்துக்கு ஆதாரம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அதே வயலில் இறால் பிடிக்கலாம். உரமும் இல்லை, பூச்சிமருந்தும் இல்லை.

அறுவடை முடிந்ததும் வயலைச் 'சுத்தம்' செய்துவிட்டால் அடுத்த ஆறு மாத வருமானம் போயிற்று. எதை அகற்றக்கூடாது என்று தெரிந்து வைத்திருப்பதே அங்கே தொழில்நுட்பம். இப்படிப்பட்ட வயலை நெல் இல்லாத மாதத்தில் காரில் கடந்துபோகிற அதிகாரி, சதுப்பு, தரிசு, காலி என்று குறித்துக்கொள்கிறார். அவர் பார்த்த நேரத்தில் தண்ணீருக்கு அடியில் ஒரு பண்ணை நடந்துகொண்டிருந்தது.

3. தண்ணீரிடம் யார் அனுமதி வாங்கினார்கள்?

பிராட்வேக்கு மேற்கே ஓடும் ஷண்முகம் சாலை நம் கோயம்புத்தூர்க்காரர் ஆர்.கே. சண்முகம் செட்டியார் பெயரில் உள்ளது. சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சராவதற்கு முன்பு, 1935 முதல் 1941 வரை கொச்சி சமஸ்தானத்தின் திவான் அவர். அந்தச் சாலைதான் ஒரு காலத்தில் காயற்கரை. இன்று அதற்கு மேற்கே நிற்கும் மரைன் டிரைவ் கட்டடங்கள் எல்லாம் காயலை நிரப்பிய மண்ணின் மேல் எழுந்தவை. சரக்கு வள்ளங்கள் சந்தைக்கு நேரே வந்து சேர உதவிய மார்க்கெட் கால்வாய், கடைகளின் பின்புறச் சாக்கடையாகச் சுருங்கியது. கரை தள்ளிப்போனால் நகரத்தின் மழைநீர் காயலைச் சேரப் போக வேண்டிய தூரமும் கூடுகிறது. சரிவோ கூடுவதில்லை. கடல் மட்டத்தை ஒட்டிய ஊரில் இந்தக் கணக்கு பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடப் புரியும்.

2019 அக்டோபர் 21, எர்ணாகுளம் இடைத்தேர்தல் நாள். ஒரே இரவு மழையில் நகரின் நடுப்பகுதி மூழ்கியது, வாக்குச்சாவடிகளில் தண்ணீர் நின்றது. உயர் நீதிமன்றம் மாநகராட்சியைக் கடுமையாகக் கேள்வி கேட்டது. அதன் பிறகு ஓடைகளையும் கால்வாய்களையும் திறந்துவிட 'ஆபரேஷன் பிரேக்த்ரூ' என்று ஒரு தனித் திட்டம் போட வேண்டியிருந்தது. காலி செய்யும்போது மூடியதை, இன்னொரு முறை காசு கொடுத்துத் திறப்பதற்குப் பெயர் அது.

நெடும்பாசேரி இன்னும் தெளிவான பாடம். அங்கே 1999-இல் திறக்கப்பட்ட கொச்சி விமான நிலையம், தாழ்ந்த வயல்களும் செங்கல்லுக்குக் களிமண் வெட்டிய குழிகளுமாக இருந்த நிலத்தில் எழுந்தது. வீடிழந்தவர்களுக்கு வேலையும் தொழிலும் தந்த விதத்தில் அந்தத் திட்டம் மூலம்பிள்ளியைவிட எவ்வளவோ மேல், அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஓடுபாதைக்காக செங்கல் தோடு என்னும் நீரோடையின் பாதை குலைந்தது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் 15-ஆம் தேதி விமான நிலையம் மூடப்பட்டது. மறுபடி விமானம் இறங்கியது 29-ஆம் தேதி. சூரியசக்தித் தகடுகள், சுற்றுச்சுவர், ஓடுபாதை எல்லாம் நீரில் நின்றன. பிறகு வெள்ளத் தடுப்புக்கென்று விமான நிலைய நிறுவனமே சுற்றுவட்டார ஓடைகளைத் தூர்வாரியது, பாலம் கட்டியது. வயலை மேடாக்கிய நாளில் செய்திருக்க வேண்டிய வேலை இருபதாண்டு கழித்து நடந்தது.

4. மேடாக்கிவிட்டால் நிலம் உறுதியாகிவிடுமா?

ஆகாது. கொச்சியின் அடியில் பல மீட்டர் ஆழத்துக்குக் கடற்களிமண் இருக்கிறது. அதன் மேல் டிப்பர் லாரியில் செம்மண் கொண்டுவந்து கொட்டினால், பார்ப்பதற்குக் கெட்டியான தரை கிடைக்கும். உண்மையில் கொட்டிய மண்ணின் எடையே களிமண்ணை அழுத்தத் தொடங்குகிறது. அதில் இருக்கும் நீர் மெல்ல மெல்லக் கசிந்து வெளியேற, தரை வருடக்கணக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும். அதுவும் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இறங்காது. பெரிய கட்டடம் என்றால் ஆழத்தில் பைல் இறக்கிக் காப்பாற்றிவிடலாம். ஐந்து சென்ட்காரர் என்ன செய்வார்?

மூலம்பிள்ளிக் குடும்பங்களுக்கு இந்தக் கேள்வி வெறும் கேள்வியாக நிற்கவில்லை. அவர்களுக்காக ஒதுக்கிய ஏழு இடங்களில் சில, சதுப்பை நிரப்பிய நிலங்கள். காக்கநாட்டுக்கு அருகே துத்தியூரில் கட்டிய வீடுகள் விரிசல் விட்டன, சரிந்தன. உறுதியான பூமியிலிருந்து பெயர்க்கப்பட்டவர்களை நிரப்பிய பூமியில் இறக்கினார்கள். இரண்டு இடங்களையும் 'தயார் செய்தது' ஒரே அரசு இயந்திரம்.

அந்தச் செம்மண் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. கிழக்கே ஏதோ ஒரு குன்றை வெட்டித்தான் வருகிறது. ஒரு மனையைச் சமன் செய்ய இரண்டு நிலங்கள் உருக்குலைகின்றன. கேரள நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் மூலம்பிள்ளி இடிப்பு நடந்த அதே 2008-இல்தான். சட்டம் வந்தும் நிரப்புவது நிற்கவில்லை. விதிவிலக்குக் கேட்கும் மனுக்கள் வருவாய்க் கோட்ட அலுவலகங்களில் மலைபோலச் சேர்ந்தன.

5. இடித்தது எங்கே போகிறது?

கொச்சியை ஒட்டிய மரடு இதற்குப் போதும். கடலோர ஒழுங்குமுறை விதிகளை மீறிக் காயலோரத்தில் கட்டிய அடுக்குமாடிகளை அகற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2019 மே 8 அன்று உத்தரவிட்டது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் நான்கு குடியிருப்பு வளாகங்கள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. நாடே நேரலையில் பார்த்தது. சில விநாடிகளில் கட்டடம் உட்கார்ந்தது. கைதட்டினார்கள். காமிரா நகர்ந்த பிறகு அங்கே கிடந்தது சுமார் 76,000 டன் இடிபாடு. ஒரு பகுதி காயலிலேயே விழுந்தது. கம்பியைப் பிரித்து, கான்கிரீட்டை உடைத்து, தூசிக்கு நீர் தெளித்து, லாரியில் ஏற்றி அகற்ற மாதங்கள் ஆயின. அக்கம்பக்கத்தார் இருமிக்கொண்டே இருந்தார்கள்.

கட்டட இடிபாட்டுக் கழிவுக்கான மத்திய அரசின் விதிகள் 2016-இலேயே வந்துவிட்டன. அவற்றின்படி ஒரு நாளைக்கு 20 டன்னுக்கோ, ஒரு திட்டத்தில் மாதத்துக்கு 300 டன்னுக்கோ மேல் கழிவு உண்டாக்குகிறவர், வேலை தொடங்குவதற்கு முன்பே அதை எப்படிக் கையாளப்போகிறார் என்று திட்டம் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டியிருந்தது. ஆக, 'முதலில் இடி, பிறகு பார்க்கலாம்' என்பது அந்த விதிகளை மீறுவதும்கூட. பெரிய திட்டக்காரர்களே இதைச் சடங்காக நடத்தும்போது, தெருவில் ஒரு பழைய கடையை இடிப்பவர் இரவோடு இரவாக ஓடைக்கரையில் கொட்டிவிட்டுப் போவதில் என்ன வியப்பு?

இன்னொன்று. மரடு குடியிருப்புகளுக்கு உள்ளாட்சி அனுமதி கிடைத்தது 2006 வாக்கில். அந்த மனை எந்த விதியின் கீழ் வருகிறது என்று பொக்லைன் இறங்குவதற்கு முன்பு ஒழுங்காகச் சரிபார்த்திருந்தால், அந்த 76,000 டன்னைக் கட்டியிருக்கவும் வேண்டாம், இடித்திருக்கவும் வேண்டாம்.

6. வேகம், வேகம் என்கிறீர்களே, எதற்கு வேகம்?

மூலம்பிள்ளியில் 2008-இல் அவசர அவசரமாக இடித்தார்கள். முனையம் இயங்கத் தொடங்கியது 2011 பிப்ரவரியில். அதற்காகக் காயலின் குறுக்கே 4.62 கிலோமீட்டருக்கு ரயில் பாலம் கட்டினார்கள். பல ஆண்டுகள் அதன் மேல் ரயில் ஓடியது அபூர்வம். ரயிலுக்கு இருந்த பொறுமை குடியிருந்தவர்களிடம் மட்டும் ஏன் இல்லாமல் போனது? மூலம்பிள்ளிக்காரர்கள் பட்டாவுக்கும் குடிநீருக்கும் அலைந்த காலம், முனையம் கட்டிய காலத்தைவிடப் பல மடங்கு நீளம். அந்த ஆண்டுகளைத் தாமதக் கணக்கில் எந்த அதிகாரியும் சேர்ப்பதில்லை. சேர்த்தால் 'காலி செய்து கொடு' என்பதன் வேகம் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

எர்ணாகுளம் சந்தையைத் தாமதத்துக்கு உதாரணம் காட்டுகிறார்கள். நான் அதையே என் தரப்புச் சாட்சியாக அழைக்கிறேன். பழைய கட்டடத்தை இடிப்பதற்கு முன்னால் அருகிலேயே தற்காலிகச் சந்தை கட்டி, வியாபாரிகளை அங்கே மாற்றினார்கள். காய்கறியும் மளிகையும் வாங்க வருகிற வாடிக்கையாளர் கை நழுவாமல், கடைகள் நடந்துகொண்டே இருக்க, பக்கத்தில் இடிப்பும் கட்டுமானமும் நடந்தன. ஒன்பது ஆண்டுத் தாமதத்தை முழுதாக அந்த மாற்றிடத்தின் மேல் ஏற்ற முடியாது.  சென்னையில் 1996-இல் கொத்தவால்சாவடியைக் கோயம்பேட்டுக்கு மாற்றியபோதும் வரிசை இதுதான்: புதிய இடம் எழுந்த பிறகே பழைய இடம் ஓய்ந்தது.

ஃபோர்ட் கொச்சியில் வெளி என்னும் பகுதியில் தமிழ் பேசும் வண்ணார் குடும்பங்கள் தலைமுறைகளாகத் துணி வெளுக்கின்றன. 1976-இல் கொச்சி பெருநகர வளர்ச்சி ஆணையம் அவர்களுக்கு அங்கேயே துவைக்கும் தொட்டிகளும் உலர்த்தும் திடலும் கொண்ட தோபிக்கானா கட்டிக்கொடுத்தது. சுற்றுலா வளரும் கரையோரத்தில் அந்த நிலத்தின் மதிப்பு இன்று என்னவாக இருக்கும்? 'காலி செய்து கொடு' கூட்டத்தின் கையில் அந்தக் கோப்பு அன்றைக்குச் சிக்கியிருந்தால் இன்று அங்கே ஒரு ரிசார்ட் இருந்திருக்கும். வெளுப்பவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்க ஆள் இருந்திருக்காது.

7. வில்லிங்டன் தீவைக் காட்டி வாயடைக்கப் பார்க்காதீர்கள்.

'காயலை நிரப்பித்தானே கொச்சித் துறைமுகமே வந்தது? பிரிஸ்டோ உங்களைப்போல யோசித்துக்கொண்டிருந்தாரா?' என்று கேட்பார்கள். யோசித்தார். துறைமுகப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ கொச்சிக்கு வந்தது 1920-இல். மணல்திட்டை அறுத்துத் திறந்த வாய் வழியாக 'பத்மா' என்ற கப்பல் உள்ளே நுழைந்தது 1928 மே 26-இல். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் அலையையும் நீரோட்டத்தையும் மணல் நகர்வதையும் ஆராய்ந்தார். வாயை வெட்டினால் வைப்பின் தீவின் கரை அரிக்கப்படுமா என்ற அச்சத்துக்கு விடை தேடினார், கரையைக் காக்கக் கல் தடுப்புகள் போட்டுப் பார்த்தார். தூர்வாரிய மண்ணை எங்கே கொட்டுவது என்ற கேள்விக்குக் கிடைத்த விடைதான் அந்தத் தீவு. அகற்றும் மண்ணுக்கும் ஆக்கும் நிலத்துக்கும் ஒரே கணக்குப் புத்தகம் வைத்திருந்தவர் அவர். காலனி ஆட்சிக்கால எஞ்சினியரைப் புகழ்வது என் வேலை இல்லை. அவரைச் சாட்சிக்கு அழைத்தவர்கள் அவர் சொல்வதையும் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

கடைசியாகச் சட்டம். 2013-இன் நில எடுப்புச் சட்டம், 38-ஆம் பிரிவில் தெளிவாகச் சொல்கிறது: இழப்பீட்டையும் மறுவாழ்வுக்கான பணப் பயன்களையும் கொடுத்து முடித்ததை உறுதிசெய்துகொண்ட பின்பே ஆட்சியர் நிலத்தைக் கையில் எடுக்க வேண்டும். மூலம்பிள்ளியைப் போன்ற நூறு ஊர்கள் கொடுத்த விலைக்கு நாடாளுமன்றம் தந்த பதில் அது. அதைச் சுற்றிக்கொண்டு போகும் வழிகளைத் தேடுவதில் செலவிடும் மூளையில் கால்பங்கை ஓடை மட்டம் பார்ப்பதில் செலவிடலாம்.

இனி ஒரு நடைமுறைக் கோரிக்கை. எந்தத் திட்டத்தின் ஒப்பந்தப்புள்ளியிலும் 'இடத்தைச் சுத்தம் செய்தல்' என்று ஒற்றை வரியில் ஒரு தொகை போடுகிறார்கள். அந்த வரியைப் பிரித்துப் போடட்டும்: அங்கே இருப்பவர்களுக்கு மாற்றிடம் கட்டிக் குடிவைக்கும் செலவு, ஓடையையும் சரிவையும் அளந்து காப்பாற்றும் செலவு, கொட்டும் மண் எந்தக் குன்றிலிருந்து வருகிறது என்பதோடு அதன் விலை, இடிபாட்டை உரிய ஆலைக்குக் கொண்டுசேர்க்கும் செலவு. நான்கு வரிகள், நான்கு தொகைகள், அடியில் கூட்டல். அதற்குப் பிறகும் முதலில் காலி செய்வதே மலிவு என்று ஓர் அதிகாரி கையெழுத்திடுவாரானால், அந்தக் கோப்பைப் பார்க்க எனக்கு மிகுந்த ஆசை.